வாசற்படியில் நின்ற கணவன்

பெருமதிப்பிற்குரிய தலைவர் பெர்னான் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் மொந்த்ரேய் நகரத்துத் தாய்மார்களே, வணக்கம்!

என்ன, பின்னால் கேட்கவில்லையா? பேசாத படத்தில் நடித்தவள் ஐயா நான். குரல் கொஞ்சம் குறைவுதான், பொறுத்தருளுங்கள்!

இன்று திரையிடப்போகும் இந்தப் படத்தை எடுத்தவர்கள் யார்? நம் ஊர்க் கண்ணாடிக் கூரை ஸ்டுடியோவில், புரட்சியில் நாடிழந்து இங்கே வந்த ரஷ்யர்கள். வீடிழந்தார்கள், வேரிழந்தார்கள், வித்தையை மட்டும் இழக்கவில்லை. இயக்குநர் ஆர்கதியின் மனைவி அங்கே ஒதெஸ்ஸா நகரிலேயே தங்கிப்போனார். பிறகு எல்லையை அடைத்துவிட்டார்கள்.

கதையில் போருக்குப் போன கணவன் திரும்புவதே இல்லை. காத்திருக்கும் மனைவி நான். படம் முடியும் தறுவாயில் விநியோகஸ்தர் துய்ரான் வந்தார்.

"புருஷன் திரும்பி வரணுங்க. இல்லேன்னா ஒரு தியேட்டரும் கிடைக்காது."

"திரும்பி வர்றது எப்படின்னு எனக்குத் தெரியாதே ஐயா," என்றார் ஆர்கதி. "போறது மட்டும்தான் தெரியும்."

"அப்போ படம் பெட்டியிலயே கிடக்கட்டும்!"

அத்தனை பேர் உழைப்பாயிற்றே! மறுநாள் எடுத்தோம். கணவனாக நடித்த க்ளேப்பும் நாடிழந்தவர்தான். கதவைத் திறந்து, ஓடிவந்து, என்னைத் தழுவ வேண்டும், அவ்வளவே காட்சி.

கதவு திறந்தது. க்ளேப் வாசற்படியில் நின்றார். காலணியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். உள்ளே வரவில்லை. 'நிறுத்து' என்று சொல்லவேண்டிய ஆர்கதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நானே எழுந்து போய் க்ளேப்பின் தொப்பியைக் கழற்றினேன்; கையைப் பற்றினேன். ஃபிலிம் தீரும்வரை அவர் கால் நகரவே இல்லை.

துய்ரான் தலையைச் சொறிந்தார். "வந்துட்டான்ல? விடுங்க, போதும்."

அந்நாளில் இதே ஊரில் முதல் காட்சி. நிறைந்த அரங்கம். க்ளேப் வாசலில் நின்றபோது படத்துக்கு இசைத்துக்கொண்டிருந்த பியானோக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். சந்தையில் மீன் விற்கும் ஜெர்மேன் அம்மாள் திடீரென்று எழுந்தார்.

"ஏன்யா அங்கயே நிக்கிற? உள்ள வாய்யா!"

இன்னொருவர் கத்தினார். இன்னும் ஒருவர். அரங்கமே முழங்கியது: "உள்ள வா! உள்ள வா!"

பக்கத்தில் இருந்த ஆர்கதி என் பக்கம் குனிந்து கேட்டார்: "ஏம்மா கத்துறாங்க? படம் பிடிக்கலையா?"

"உங்களைத்தான் கூப்பிடுறாங்க," என்றேன்.

அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அழைத்தது அரசாங்கமா? அமைச்சரா? இல்லை! அன்றாடம் மீன் அறுக்கும் கை அழைத்தது; அந்த ஒரு குரலுக்குப் பின்னால் ஊரே எழுந்து அழைத்தது! ஒரு மனிதனுக்கு ஊர் என்பது வேறென்ன?

ஜெர்மேன் அம்மாள் இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவருக்கும், செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். விளக்கை அணையுங்கள், படம் தொடங்கட்டும். வணக்கம்!