சிக்னே ஊருக்குப் பெயர் வந்த விதம்

காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், மிஸ் ஆடிலா. நான் எழுந்து நடப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். காற்றடிக்கும் நாளில் எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பேச வராது. ஊரின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு முதல் அத்தியாயம் எழுதுகிறீர்கள். மற்றவர்கள் பாதிதான் சொல்லியிருப்பார்கள். மீதி எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது இது ஊரே இல்லை. டகோட்டாப் புல்வெளியில் ஐந்து மண்வீடுகள், என் கடை, கடைவாசல் கம்பத்தில் நான் தொங்கவிட்ட மணி, அவ்வளவுதான். பனிப்புயல் கிளம்பினால், வெளியே போனவர்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேரும்வரை மணியடிக்க வேண்டும். அது என் பொறுப்பு. கோடை வரை ஐந்து வீடுகளிலும் ஆட்கள் தங்கி அடுப்பு எரிந்தால் இங்கே ஸ்டேஷன் வரும் என்று ரயில்வேக்காரர் சொல்லியிருந்தார். மார்ச் மாதம் டோலெஃப் ஹாகன் வண்டியில் சாமான் ஏற்றத் தொடங்கினான். அவன் கிளம்பினால் மற்றவர்களும் பின்னாலேயே கிளம்புவார்கள். என் பிழைப்பு, கனவு எல்லாம் மண்ணாகிவிடும். கெஞ்சிப் பார்த்தேன்.

"ஊரு ஊருங்கறீங்களே ஹாலட், இங்க ஒரு கல்லறையாவது இருக்கா? எங்களக் கட்டிப்போட என்ன இருக்கு?" என்று சிரித்தான்.

"நீங்க மொதல்ல போய்ப் படுங்க, அப்புறம் நாங்க யோசிக்கிறோம்," என்றாள் அவன் மனைவி ராக்ன்ஹில்ட்.

கேலிதான். ஆனால் அதில் நியாயம் இருந்தது. புதைத்த மண்ணை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது.

மறுநாள் காலை அவர்களின் ஒன்பது வயது மகள் சிக்னே, கையில் தகரப் பாத்திரத்தோடு கடையைத் தாண்டிப் போனாள். ஒரு மைல் தள்ளியிருந்த லார்சன் வீட்டில் இரவல் வாங்கியது.

"திருப்பிக் குடுத்துட்டு வரேன். நாளைக்கு நாங்க ஊருக்குப் போறோமே, தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன். கால்மணி நேரத்தில் புயல் வந்துவிட்டது. பிள்ளை லார்சன் வீட்டில் பத்திரமாக இருப்பாள் என்று பெற்றவர்கள் நினைத்திருந்தார்கள். லார்சன் வீட்டுக்கோ அவள் வருவதே தெரியாது. நடுவழியில் இருக்கிறாள் என்று அறிந்தவன் நான் ஒருவன்தான். கயிற்றைக் கையில் பிடித்தேன். அப்படியே நின்றேன்.

ஒருமணி நேரம் கழித்து, மணிச்சத்தமே கேட்கவில்லையே என்று டோலெஃப் தட்டுத்தடுமாறி வந்து, "ஏன்யா மணி அடிக்கல?" என்றான். கயிறு உறைந்துவிட்டது என்றேன். பிறகு உள்ளங்கைத் தோல் உரியும்வரை அடித்தேன். மலரில் அந்தக் கைகளைப் பற்றித்தான் எழுதச் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் கம்பத்திலிருந்து இருநூறு அடி தூரத்தில் கிடைத்தாள். சரியான திசையில்தான் வந்திருக்கிறாள், சமர்த்து. உறைந்த தரையில் தீ மூட்டி இளக்கித்தான் குழி வெட்டினோம். ஹாகன் வண்டியிலிருந்து சாமான்களை இறக்கினான். கோடையில் ரயில் வந்தது. ஸ்டேஷனுக்கு அவள் பெயரை வைக்கச் சொன்னதும் நான்தான். ராக்ன்ஹில்ட் என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் யாரையும் கொல்லவில்லை, மிஸ் ஆடிலா. ஓர் ஊரை நிலைக்க வைத்தேன். அந்த ஒருமணி நேரமும் அவள் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள், தெளிவாகக் கேட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு என் கடையில் தகரப் பாத்திரம் விற்றதில்லை. இடத்தை அடைக்கும், வேறொன்றுமில்லை.