ஒரு குழி போதும்

மச்சினி: சிரிச்சு முடிச்சாச்சுன்னா சொல்லுங்க அத்தான். நான் எங்கேயும் போயிடப் போறதில்ல.

அத்தான்: இரும்மா, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு... தூரத்துலேர்ந்து பார்த்தா மைதானத்து நடுவுல ஒரு தொப்பி. யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன். கிட்ட வந்தா தொப்பி என்னை அத்தான்னு கூப்பிடுது!

மச்சினி: அரைமணி நேரமாக் கத்தறேன். ஒரு ஆள் வரல. ஒரு நாய் வந்து எட்டிப் பார்த்துச்சு. அதுவும் பரிதாபப்பட்டுட்டுப் போயிடுச்சு.

அத்தான்: போன் பண்ணியிருக்கலாமே?

மச்சினி: போன் ஜீப்புல. நான் குழியில. மூளை வீட்டுல.

அத்தான்: எப்படித்தான் உள்ள போன?

மச்சினி: படி வழியா.

அத்தான்: படியைக் காணோமே?

மச்சினி: என் காலுக்குக் கீழ கிடக்கு. மிஷின்காரர் குழியைத் தோண்டி, ஓரமா மூணு படி வெட்டிக் குடுத்துட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனார். முதல் படியில காலை வெச்சேன். மூணு படியும் என்கூடவே இறங்கி வந்துடுச்சு.

அத்தான்: இருபத்திரண்டு வருஷமா மண்ணு பரிசோதனை பண்ற பொண்ணு...

மச்சினி: அதையேதான் நானும் உள்ள நின்னு சொல்லிக்கிட்டிருந்தேன். 'கொட்டின மண்ணுக்குப் பிடிமானம் கிடையாது, கால் வைக்கும்போது ஜாக்கிரதை'ன்னு எங்க ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கு. எழுதினது யாரு? நான்.

அத்தான்: அடிகிடி பட்டுச்சா?

மச்சினி: மானத்துல மட்டும்தான்.

அத்தான்: அது ஆறிடும். இந்தா, அக்கா சாப்பாடு குடுத்து அனுப்பினா. 'அவ வேலைன்னு வந்துட்டா நின்ன இடத்துலயே நிப்பா'ன்னா. இவ்வளவு சரியாச் சொல்வான்னு நினைக்கல.

மச்சினி: சாப்பாடு கிடக்கட்டும். ஜீப் மேல ஏணி கட்டியிருக்கு, எடுத்துட்டு வாங்க. அதுக்கு முன்னாடி... விளிம்புக்கு அந்தப் பக்கம் தள்ளி கேமரா இருக்கு பாருங்க? எனக்கு எட்டல. இந்தச் சுவத்தை ஒரு படம் எடுத்துடுங்க.

அத்தான்: ஏணியை விட்டுட்டுப் படமா?

மச்சினி: நிழல் விழுந்துடும் அத்தான், எடுங்க. இந்த அளவுப்பட்டை தெரியணும். நான் தெரியக்கூடாது.

அத்தான்: நீ தெரியாம எப்படி? குழி முழுக்க நீதானே இருக்க.

மச்சினி: குண்டுன்னு சொல்லாம சொல்றீங்க.

அத்தான்: சொல்லாமத்தானே சொன்னேன்... சரி, எடுத்தாச்சு. இதென்ன, சுவர் பட்டை பட்டையா இருக்கு?

மச்சினி: அதுதான் விஷயமே. மேல ஒரு சாண் செம்மண்ணு. போன மாசம் பார்வைக்காகப் பரப்பினது. அதுக்குக் கீழ பாருங்க, உடைஞ்ச செங்கல், காரை, ஓட்டுத்துண்டு, ஒயர், பிளாஸ்டிக் பை, ஒத்தைச் செருப்பு. சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து கிடக்கறதால செடி வெச்சா இலை மஞ்சளாப் போயிடும். இன்னும் கீழ, இந்தப் பட்டை... கடப்பாறையே எகிறுது. ரோலர் விட்டு அமுக்கியிருக்காங்க. வேரும் இறங்காது, தண்ணியும் இறங்காது.

அத்தான்: கடைசியாக் கறுப்பா இருக்கறது?

மச்சினி: அதுதான் இந்த இடத்தோட சொந்த மண்ணு. மத்ததெல்லாம் லாரியில வந்தது.

அத்தான்: அப்போ இங்க தோட்டம் போட்டா காய்கறி வருமா?

மச்சினி: ...மேல செம்மண்ணு போட்டிருக்காங்கல்ல.

அத்தான்: ஒரு சாண் செம்மண்ணுல?

மச்சினி: ஏணி அத்தான்!

அத்தான்: போறேன், போறேன்... எட்டு லோடுக்கு ஒரு தடவைதான் ரோலர் விடுவாங்க. அந்த ரோலர்காரர் வராத நாள்ல அப்படியே ஒண்ணு மேல ஒண்ணாக் கொட்டிட்டுப் போயிட வேண்டியதுதான்.

மச்சினி: உங்களுக்கெப்படித் தெரியும்?

அத்தான்: பொதுவாச் சொன்னேன்.

மச்சினி: நீங்க ஓட்டினது மாவு மில்லு லாரி. மாவு மூட்டை மேலயா ரோலர் விட்டாங்க?

அத்தான்: டிரைவருங்க நாலு பேர் ஒண்ணாச் சேர்ந்தா பேசமாட்டாங்களா? காதுல விழுந்ததுதான். இரு, ஏணியோட வரேன்.

மச்சினி: ...அத்தான்? ...வந்துட்டீங்களா? அந்தப் பக்கமா இறக்குங்க, அங்க கொஞ்சம் கெட்டியா இருக்கு.

அத்தான்: இறக்கறேன். ஒரு சந்தேகம். இந்த ஒரு குழியை வெச்சு மொத்த மைதானத்துக்கும் ரிப்போர்ட் எழுதிடுவியா?

மச்சினி: அது ஆபீஸ் சமாச்சாரம்.

அத்தான்: இல்ல, போன மாசம் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில நீதான் முழங்கின. தானா உண்டான மண்ணுன்னா ஒரு குழி ஒரு காட்டுக்கே சாட்சி சொல்லும்... ஆனா கொட்டின மண்ணுல லாரிக்கு லாரி குணம் மாறும், ரெண்டடி தள்ளினா வேற கதைன்னு. அக்கா பூரிச்சுப்போய் உனக்கு இன்னொரு கரண்டி வெச்சா.

மச்சினி: நான் சாப்பிடும்போது பேசறதை எல்லாம் நீங்க கேக்கறீங்களா! தெரிஞ்சிருந்தா வாயை மூடிட்டுச் சாப்பிட்டிருப்பேனே.

அத்தான்: அப்போ அந்த மூலையில இன்னொரு குழி போடேன். குழாய் இருக்கே, அந்த மூலை.

மச்சினி: அங்க என்ன?

அத்தான்: அங்கதானே குலுக்கல்ல அக்காவுக்குப் பாத்தி விழுந்திருக்கு.

மச்சினி: தெரியுமே. ஏரியாவுக்கே காய்கறித் தோட்டம்னு சொன்ன அன்னிக்கே முள்ளங்கி விதை வாங்கிட்டா. பேரப்பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு வரிசைன்னு குச்சியில பேரும் எழுதியாச்சு.

அத்தான்: நான் வேற பாத்திக்கு மாத்திக்கலாம்னு சொல்லிப் பார்த்தேன். வெயில் ஜாஸ்தின்னேன். எறும்புப் புத்துன்னேன். குழாய்கிட்ட சண்டை வரும்னேன். 'நான் சந்தோஷமா இருந்தா உங்களுக்குப் பொறுக்காதே'ன்னுட்டா.

மச்சினி: மிஷின் போயிடுச்சு அத்தான். நேரமும் இல்ல. ஒரு குழி போதும்.

அத்தான்: அப்போ ஏணியும் மேலயே இருக்கட்டும்.

மச்சினி: என்னது?

அத்தான்: மூலையில தோண்டறேன்னு சொல்லு. இறக்கறேன்.

மச்சினி: ஐம்பது வயசுப் பொம்பளையைக் குழியில நிறுத்தி மிரட்டறீங்களா? அக்காகிட்ட சொல்வேன்!

அத்தான்: சொல்லேன். கத்திப் பாரு, நாய் திரும்பி வந்தாலும் வரும்.

மச்சினி: விளையாடாதீங்க... ஏன் மூலை மூலைன்னு உயிரை எடுக்கறீங்க? காரணத்தைச் சொல்லுங்க.

அத்தான்: காரணம்னு என்ன... பொதுவாத்தான்.

மச்சினி: பொதுவான்னு சொல்லும்போதெல்லாம் உங்க காது சிவக்குது. கீழேர்ந்து பார்த்தா நல்லாத் தெரியுது.

அத்தான்: நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

மச்சினி: விளிம்புல உக்காராதீங்க, சரிஞ்சா ரெண்டு பேரும் உள்ளதான்! இன்னும் தள்ளி... ம். இப்போ சொல்லுங்க.

அத்தான்: நான் மாவு மில்லு லாரி ஓட்டல.

மச்சினி: என்ன?

அத்தான்: ஒரு நாள்கூட ஓட்டல. இடிச்ச கட்டடத்துக் கழிவு அள்ளற லாரிதான் ஓட்டினேன். பொண்ணு பார்க்க வந்தப்போ உங்கப்பா 'தம்பி என்ன லோடு அடிக்கிறீங்க'ன்னு கேட்டார். வாய் தானா 'மாவு'ன்னுடுச்சு. குப்பைன்னு சொன்னா உங்கக்காவைக் குடுத்திருப்பாரா?

மச்சினி: ஆனா... தினமும் தலையெல்லாம் வெள்ளையா வருவீங்களே?

அத்தான்: காரைத் தூசி. அக்கா துண்டால தட்டிவிட்டுட்டே 'இவ்வளவு மாவு வீணாப் போகுதே'ன்னு வருத்தப்படுவா. ஒருநாள், மில்லுல சொல்லிக் கொஞ்சம் கொண்டுவரக் கூடாதான்னு கேட்டா. கடையில ரெண்டு கிலோ வாங்கி, பையை மாத்திக் கொண்டுபோய்க் குடுத்தேன். அப்புறம் மாசாமாசம் அதே பிழைப்பு. கழிவு அள்ளினது கூடக் கஷ்டமில்ல. மாவு வாங்கினதுதான் கஷ்டம்.

மச்சினி: அடப்பாவி அத்தான்! அந்த மாவை எங்க வீட்டுக்கும் குடுத்தனுப்புவாளே! 'மில்லு மாவு, கடையில கிடைக்காது'ன்னு. நானும் ருசியே தனின்னு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டிருக்கேன். இதுல நான் ஆராய்ச்சிக்காரி வேற!

அத்தான்: நீ அப்படிச் சொன்ன அன்னிக்குத்தான் எனக்கு தைரியமே வந்துச்சு. படிச்சவளே நம்பிட்டான்னு.

மச்சினி: இருங்க... அப்போ இந்த மைதானம்?

அத்தான்: பெரிய பள்ளமாக் கிடந்துச்சு. பாதி நான் நிரப்பினது. நீ ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டினியே பட்டை பட்டையா, அதுல எது என்னோடதுன்னு கூடச் சொல்லுவேன்.

மச்சினி: மூலையில என்ன கொட்டினீங்க?

அத்தான்: பேட்டரி செய்யற கொட்டகை ஒண்ணை இடிச்சாங்க. தரையோட பேர்த்து அள்ளினோம். 'இது மத்ததோட சேரக்கூடாது, ஊருக்கு வெளியே தனியாக் குழி இருக்கு, அங்க கொண்டுபோங்க'ன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. அதுல நாலு லோடு... அங்க கொட்டிட்டேன்.

மச்சினி: ஏன்?

அத்தான்: சொன்னா அசிங்கம்.

மச்சினி: இதுக்கு மேல என்ன அசிங்கம்? சொல்லுங்க.

அத்தான்: அவ்வளவு தூரம் போய்த் திரும்பினா மாவுக்கடை மூடிடுவான். அன்னிக்கு மாசக் கடைசி.

மச்சினி: ஐயோ... பேட்டரின்னா ஈயம் அத்தான்! அது மக்காது, கரைஞ்சு போகாது. எத்தனை வருஷமானாலும் கொட்டின இடத்துலயே கிடக்கும். கிழங்குல ஒட்டிக்கிட்டு வரும். மண்ணை அளைஞ்சுட்டு வாயில விரலை வைக்கிற பிள்ளைங்க... அதுங்க மூளையையே கெடுத்துடும்!

அத்தான்: அப்போ எனக்கு அதெல்லாம் தெரியாது. அதுவும் நீ சாப்பாட்டு மேஜையில சொல்லித்தான் தெரியும். அன்னிலேர்ந்து சோறு இறங்கல. குச்சியில அந்தப் பிள்ளைங்க பேரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாலு லோடுதான் ஞாபகம் வருது. நீ தோண்டினா தானா வெளிய வந்துடும், என் வாயால சொல்ல வேண்டாம்னு பார்த்தேன். வயசான காலத்துல ஏணியை ஒளிச்சு வெச்சு விளையாடறேன் பாரு... எவ்வளவு பெரிய வீரன்!

மச்சினி: அக்காவுக்குத் தெரிஞ்சா...

அத்தான்: நானே சொல்லிடறேன். மாவையும் சேர்த்து. துரத்தினா உன் வீட்டுக்குத்தான் வருவேன், ஒரு பாய் எடுத்து வை. என் பேரைப் போட்டே எழுது. இன்ன ஆள்தான் கொட்டினான், இன்ன இடத்துலன்னு. நான் வந்து காட்டறேன். நாளன்னிக்குத்தானே தோட்டத்தைத் திறக்கறாங்க? நீ ரிப்போர்ட்டுல எழுதினா நிறுத்திடுவாங்கல்ல? இந்தா, ஏணியைப் பிடி. ஏறி வா.

மச்சினி: இறக்காதீங்க அத்தான். ரிப்போர்ட் முந்தாநாளே போயிடுச்சு. 'குழி தோண்டிப் பார்த்தேன், மைதானம் முழுக்கக் காய்கறிக்கு ஏத்தது'ன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அப்போ குழியே கிடையாது. மேல கிடந்த செம்மண்ணுல ஒரு பை அள்ளிட்டுப் போனேன், அவ்வளவுதான். படம் இல்லையேன்னு கேட்டாங்க, குழின்னு ஒண்ணு தெரிஞ்சா போதும், யாரும் உத்துப் பார்க்கமாட்டாங்கன்னு அந்தப் படத்துக்காகத்தான் இன்னிக்கு இதைத் தோண்டினேன்... உங்க போனைக் குடுங்க. அதிகாரிகிட்ட இங்க நின்னுக்கிட்டே சொல்லிடறேன். மேல ஏறிட்டா சொல்லமாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.