ஆரஞ்சு, மூன்று பூச்சு

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். நிறம் சரியாக இருந்தது; சர்க்கரைதான் சற்று அதிகம்.

என் பெயர் வள்ளியாத்தாள். வயது அறுபத்தெட்டு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நிறம் பார்க்கத் தெரியும். என் தம்பி மகன் மகுடேஸ்வரனின் சாயப்பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அதுதான் என் வேலை. பனியன் வாங்கும் கம்பெனி அனுப்பிய மாதிரித்துண்டையும் நாங்கள் சாயமேற்றிய துணியையும் வெளிச்சப் பெட்டிக்குள் அருகருகே வைப்பேன். இரண்டும் ஒன்று என்றால் துணி போகும். இல்லையென்றால் ஆயிரம் கிலோ ஆனாலும் மறுபடி சாயத்தொட்டிக்குத்தான் போகும். என் சொல்லுக்கு அங்கே மேல்முறையீடு கிடையாது.

சென்ற ஆடியில் மகுடேஸ்வரன் பழைய கார் ஒன்றை வாங்கினான். திரும்பும்போது சிமிட்டும் அதன் பின்விளக்குகள் வெயிலில் வெளுத்து, வடிகஞ்சியின் நிறத்துக்கு வந்திருந்தன. நான் அதை ஏற்கவில்லை. சிவப்பு என்றால் நிற்கிறேன். வெள்ளை என்றால் பின்னால் வருகிறேன். ஆரஞ்சு என்றால் திரும்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருப்பதுதான் ஒழுங்கு.

“லைட்டுதானுங்களே அத்தை, மினுக்குனாப் போதாதுங்களா?” என்றான் மகுடேஸ்வரன்.

போதாது. போதும் என்று நினைப்பவர்களால்தான் விபத்துகள் நடக்கின்றன.

உதிரிபாகக் கடையிலிருந்து அதே காருக்கான புதிய விளக்குமூடி ஒன்றை வாங்கிவந்து மாதிரியாக வைத்தேன். அதையே மாட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். மாதிரித்துண்டை யாரும் தைத்து உடுத்துவதில்லை, இன்ஸ்பெக்டர். பனியனில் படம் அச்சிடும் சாயப்பசையில் மஞ்சளையும் சிவப்பையும் கலந்து, பழைய மூடிகளைக் கழற்றிப் பூசினேன். ஒரு பூச்சில் நிறம் எழவில்லை. மூன்றாம் பூச்சில் எழுந்தது. வெளிச்சப் பெட்டிக்குள் வைத்தேன். ஒன்று.

அப்போது நான் சிரித்தேன். அந்தப் பட்டறையில் என் சிரிப்பை எவரும் கேட்டதில்லையாதலால் பாய்லர்காரர் வெளியே ஓடிவந்து பார்த்தார்.

ஓட்டுநர் சுடலை நெல்லைச் சீமைக்காரன். மூடிகளை மாட்டிவிட்டு, உச்சிவெயிலில் விளக்கைப் போட்டு, பின்னால் வந்து குனிந்து பார்த்தான்.

“அம்மா, உள்ள எரியுதது வெளிய தெரியமாட்டேங்கு. பூச்சு கட்டியால்லா இருக்கு.”

“பொட்டில வெச்சுப் பார்த்தாச்சு, கண்ணு. நீ ஸ்டியரிங்கப் பாரு.”

“பொட்டிக்குள்ளயாம்மா நாம வண்டி ஓட்டுதோம்?”

அது அதிகப்பிரசங்கித்தனம். எனினும் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

ஆவணியில் குண்டடத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே நின்ற கார்களில் பதின்மூன்றின் விளக்குகள் வெளுத்திருந்தன. ஊத்துக்குளி நெய் டப்பா ஒன்றில் சாயப்பசையை நிரப்பிக் கொண்டுபோயிருந்தேன். உள்ளே முதல் பந்தி நடந்தது. நான் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குக் கார் போனேன். நாதஸ்வரம் வேகமெடுக்க எடுக்க என் பிரஷும் வேகமெடுத்தது. தலை ஊஞ்சலில் இருப்பதுபோல் லேசாக இருந்தது. ஏழாவது காருக்குப் பின்னால் குந்தியிருந்தபோது நாத்தனார் சென்னம்மாள் வந்துவிட்டாள்.

“நெய்யுங்களா அக்கா அது? பந்தில ஒரு சொட்டு ஊத்துலீங்க. எனக்கொரு கரண்டி குடுங்க.”

“இது வண்டிக்கு ஊத்தற நெய்யி. போ, பாயசம் ஆறுது.”

அவள் போனபின், காரின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். மீதி ஆறு கார்களையும் முடித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். அவற்றின் எண்களைக் கேட்காதீர்கள். நான் நிறங்களை மட்டுமே பார்த்தேன்.

இனி விபத்து. ஒன்பது நாட்களுக்கு முன், காலை பதினொரு மணி, குண்டடம் சாலை. நான் பின்னிருக்கையில் இருந்தேன். சுடலை வலப்புறம் திரும்புவதற்கான விளக்கைப் போட்டான். அதன் டிக் டிக் ஒலியை நான் கேட்டேன். பதினொன்று வரை எண்ணினேன். பின்னால் மொபெட்டில் வந்த பால்காரர் மணியன், நாங்கள் நேரே போகிறோம் என்று எண்ணி வலப்புறமாகக் கடக்க முயன்றார். சாலையெங்கும் பால் பரவியது. அந்த வெள்ளையில் சிவப்பு கலந்தபோது என்ன நிறம் வந்தது என்பதை என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். வழக்குக்கு அது தேவைப்படாது. பிற்பகலில் அவர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

விளக்குப் போடாமல் திருப்பினான் என்று சுடலையைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். வலப்பக்க விளக்கு நொறுங்கிப்போயிருந்தது. இடப்பக்க விளக்கை எரியவிட்டுப் பார்க்க உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னிடம், “விளக்கு எரிந்ததைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். காருக்குள் இருப்பவள் பின்விளக்கை எப்படிப் பார்ப்பாள்? “இல்லை” என்றேன். அது உண்மை. ஒலியைக் கேட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

நேற்று அவன் மனைவி அபிராமி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

“வெளக்குப் போட்டேன்னு சத்தியம் பண்ணுதாவம்மா. நீங்க உள்ளதான இருந்திய?”

அவள் கேட்டது முறையான கேள்வி. அதனால் வந்திருக்கிறேன். சுடலை விளக்கைப் போட்டான். அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியாதபடி மூன்று பூச்சுப் பூசியவள் நான். எச்சரித்தவனின் வாயை அடைத்தவளும் நான். அவனை இன்றே அனுப்பிவிடுங்கள். எங்கே கையெழுத்திட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் நிறத்தில் பிழை இருந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். நிறம் ஒன்றேதான். அன்றைய வெயில்தான் மாதிரிக்கு ஒத்துவரவில்லை.

இன்னொன்று. நீங்கள் அழைக்கும்வரை முக்கால் மணி நேரம் வெளியே காத்திருந்தேன். உங்கள் ஜீப்பின் பின்விளக்குகளும் மிகவும் வெளுத்திருந்தன. வாசலில் நின்ற காவலர், “ஆயுத பூசைக்குச் சந்தனமுங்களா அம்மா?” என்று கேட்டு, டப்பாவைக்கூடப் பிடித்துக்கொண்டார். இந்நேரம் காய்ந்திருக்கும். போய்ப் பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது என்று. விளக்கை எரியவிட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.