எந்த 'ம்' இது

– அந்தப் பையை அப்புறம் கட்டலாம் அக்கா. முதல்ல பதில் சொல்லு. எடுக்க முடியுமா, முடியாதா?

– என்னத்தடா எடுக்க?

– அம்மா கடைசியா என்கிட்ட போன்ல பேசினதுல, நடுவுல விட்டுப்போனதை.

– அம்மா போர்வையோட அந்த முனையைப் பிடி. மடிச்சுக்கிட்டே பேசலாம்.

– பேச்சை மாத்தாத. நெட் கம்பெனி கன்ட்ரோல் ரூம்ல உக்காந்துக்கிட்டு ஊர் உலகத்துக்கெல்லாம் லைன் சரி பண்ற. தம்பிக்கு நாலு வார்த்தை எடுத்துத் தரமாட்டியா?

– அது எங்கயும் இல்லடா. இருந்தாத்தானே எடுக்க.

– போன் கடைக்காரனும் இதையேதான் சொன்னான். ரெக்கார்டு பண்ணியிருந்தா உண்டு, இல்லேன்னா ஆண்டவன்கிட்டதான் கேக்கணும்னான். கூட இருந்தவன் சிரிச்சான்.

– கடைக்குப் போயெல்லாம் கேட்டியா?

– நீதானே சொல்லுவ... நெட்டுல எது வழியில தொலைஞ்சாலும் திரும்ப அனுப்பிடும்னு.

– அது போட்டோ, மெசேஜ். இது பேச்சு. போற ரோடு ஒண்ணுதான், ஓட்டுற விதம் வேற.

– பஸ் ஓட்டுறவனுக்குப் புரியற மாதிரி சொல்லு.

– அம்மா கதை சொல்றப்ப நம்மள என்ன பண்ணச் சொல்லுவா?

– 'ம்' கொட்டச் சொல்லுவா. 'ம்' நின்னா கதையும் நின்னுடும்.

– அவ்வளவுதான் விஷயம். ஒரு போட்டோவைத் துண்டு துண்டா நறுக்கி, நம்பர் போட்டு அனுப்புவோம். அந்தப் பக்கம் சேர்ந்ததும் 'ம்' கொட்டும். நடுவுல ஒரு துண்டு தொலைஞ்சுதுன்னா, பின்னால வந்ததையெல்லாம் மடியில வச்சுக்கிட்டு, 'அதைக் குடு, அதைக் குடு'ன்னு தொலைஞ்ச ஒண்ணையே கேக்கும்.

– நீ சின்ன வயசுல பண்ணினதுதான். கிளி என்னாச்சு, கிளி என்னாச்சுன்னு. கதை கல்யாணப் பந்தல் வரைக்கும் போயிருக்கும், உனக்கு இன்னும் கிளிதான்.

– அம்மாவும் திட்டிக்கிட்டே கிளிக்குத் திரும்பி வருவா. நீ மட்டும் யோக்கியமா? தூக்கத்துலயே 'ம்' கொட்டுவ. 'அப்புறம் ராஜா கழுதையா மாறி பஸ் ஏறிப் போனான்'ம்பா. நீ 'ம்'ம்ப.

– போ அக்கா.

– அவ சத்தம் வராம சிரிச்சுட்டு விளக்கை அணைப்பா.

– ...சரி, சொல்லு. 'ம்'மே வரலேன்னா?

– கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டு மறுபடி அனுப்பும். அப்பவும் வரலேன்னா, முன்ன பொறுத்ததைப் போல ரெண்டு மடங்கு பொறுக்கும்.

– எதுக்குப் பொறுக்கணும்? ஹாரனை அமுக்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதானே?

– வழியில நெரிசல் போலிருக்குன்னு நெனைச்சுக்கும். துண்டு தொலைஞ்சாலே வேகத்தைப் பாதியாக் குறைச்சுடும். அப்புறம் பாத்துப் பாத்துக் கொஞ்சமா ஏத்தும். எல்லாரும் அப்படி விட்டுக்குடுத்தாத்தான் வழி திறக்கும்.

– எங்க ரூட்ல ஒருத்தனும் குறைக்க மாட்டான். நான் உட்பட.

– தெரியும். உன் பஸ்ல ஏறிட்டு உயிரோட இறங்கினவ நான்.

– பேச்சுக்கு மட்டும் ஏன் அதெல்லாம் கிடையாது?

– பேச்சுக்குப் பொறுத்திருக்க நேரம் இல்லடா. தொலைஞ்ச வார்த்தையைத் தேடிப் பிடிச்சுக் கொண்டுவர்றதுக்குள்ள பேச்சு எங்கயோ போயிருக்கும். அதனால விட்டுட்டு மேல போயிடும். போனது போனதுதான். பிடி நழுவுது பாரு. தரையில இழுபடுது.

– போனது போனதுதானா...

– மனுஷங்களே திரும்பக் கேட்டுக்கிட்டாத்தான் உண்டு. 'என்னம்மா, காதுல விழலியே'ன்னு.

– கேக்கல.

– எது?

– நான் திரும்பக் கேக்கல அக்கா. ஸ்டாப்புல ஜனம் முட்டி மோதி ஏறிக்கிட்டிருக்கு. பின்னால இன்னொரு பஸ்காரன் ஹாரன். கண்டக்டர் வேற, போனை வைய்யான்னு கத்தறாரு. 'கண்ணு'ன்னா. அப்புறம் கொரகொரன்னு... ஒண்ணும் இல்ல. அப்புறம் 'சரியா?'ன்னா. நான்...

– சொல்லு.

– 'ம்'முன்னுட்டேன். என்னன்னே தெரியாம 'ம்'முன்னுட்டேன். 'பாத்து ஓட்டு'ன்னு வச்சுட்டா. அதான் உன்னைக் கேக்கறேன். ஒரு துண்டு வந்து சேராமயே 'ம்' கொட்டிட்டா, உங்க கன்ட்ரோல் ரூம் கணக்குல என்ன ஆகும்?

– இப்ப எதுக்குடா அது?

– என்ன ஆகும்?

– அனுப்பினது நம்பிடும், சேர்ந்துடுச்சுன்னு. திரும்ப அனுப்ப வேண்டியிருக்குமோன்னு தன்கிட்ட ஒரு பிரதி வச்சிருக்கும்ல, அதை அழிச்சுடும்.

– அப்புறம் கேட்டா?

– கிடையாது.

– மறுநாள் காலையில இந்த வீட்டுக் கதவைத் திறந்தது நான்தானே. நாற்காலியில வாசலைப் பாத்து உக்காந்தபடியே உயிர் போயிருந்துச்சு. கைப்பை மடியில. கால்ல செருப்பு. வீட்டுக்குள்ள செருப்பைத் தொட மாட்டா அக்கா, அவ. எங்கயோ கிளம்பி, யாருக்கோ காத்திருந்திருக்கா. என்னைத்தான் வரச் சொல்லியிருக்கா.

– இல்லடா.

– பின்ன என்ன சொன்னா?

– பல்பு. சமையல்கட்டுல பல்பு போயிடுச்சு, வரும்போது வாங்கிட்டு வான்னு உன்கிட்ட சொன்னாளாம்.

– உனக்கு எப்படித் தெரியும்?

– எனக்கும் போன் பண்ணினா. உன்கிட்ட பேசி முடிச்சப்புறம்.

– அன்னைக்கா? இத்தனை நாளும் சொல்லவே இல்லையே.

– ஒரு பல்பைப் போய் என்னன்னு சொல்றது... அழுதுக்கிட்டு நிக்கிற வீட்டுல.

– பல்பா...

– பல்புதாண்டா. அதுக்குப் போய் மனசைப் போட்டு அரிச்சுக்கிட்டு. குடு, நானே மடிக்கிறேன்.

– அவ்வளவுதானா... இல்ல அக்கா, சிரிக்கல. நெஞ்சுல பாறாங்கல்லு மாதிரி கிடந்துச்சு. ஸ்டியரிங்கைப் பிடிச்சாலே அந்த 'சரியா?'தான் கேக்கும். இரு, டீ போட்டுக் கொண்டுவரேன். கழுவின டம்ளர் ஏதாவது மிச்சம் இருக்கா?

– ரெண்டு கவுத்து வச்சிருக்கேன். அடுப்புப் பக்கத்துல.

– ...

– கெடச்சுதா?

– அக்கா.

– ம்.

– சமையல்கட்டுல பல்பு எரியுது.

– ...

– அவளால ஸ்டூல்ல ஏற முடியாது. நான் மாத்தல. நீ மாத்தினியா?

– ம்.

– எந்த 'ம்' அக்கா இது?

– இங்க வந்து உக்காரு.

– நிக்கிறேன். சொல்லு.

– உன் 'ம்' அவளை ஏமாத்தல. 'அவன் தூக்கத்துல கொட்டுற 'ம்' எனக்குத் தெரியாதா, பஸ் சத்தத்துல ஒண்ணும் விழல அவனுக்கு. பாவம், வண்டி ஓட்டுறான், விடு. அதான் உன்னைக் கூப்பிட்டேன்'னா.

– கூப்பிட்டு?

– மூச்சு ஒரு மாதிரி இழுக்குதாம். ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வரலாம், வந்து கூட்டிட்டுப் போறியா, சரியான்னா. அன்னைக்கு எங்க பக்கம் பெரிய கேபிள் ஒண்ணு அறுந்துபோச்சு. அத்தனை கூட்டமும் ஒரே வழியில. ஸ்க்ரீன் பூரா சிவப்பு. இதை முடிச்சுட்டுக் கிளம்பிடலாம்... இதை முடிச்சுட்டு... அப்படியே போச்சு. அவளும் மறுபடி கூப்பிடல. எதுக்குக் கூப்பிடணும், 'ம்'தான் வந்துடுச்சே.

– உனக்கும் லைன் விட்டு விட்டுத்தானே கேட்டிருக்கும் அக்கா? அத்தனை நெரிசல்ல...

– இல்லடா. ஒரு எழுத்துகூடத் தொலையல. மூச்சு வாங்கினது உட்பட எல்லாம் கேட்டுச்சு. முழுசாக் கேட்டுட்டுத்தான் 'ம்'முன்னேன். அவ செருப்பை மாட்டிக்கிட்டு உக்காந்தது உன் 'ம்'மை நம்பி இல்ல.