குழிக்குள் ஒரு ஞானி

கிருஷ்ணகிரி பஸ்ஸில் என் முன் சீட்டில், கம்பெனி யூனிபார்மில் இரண்டு பேர். குல்லா போட்டிருந்தவர் பொருமினார்.

"மூக்கண்டப்பள்ளி ரோட்டுக் குழிய மூட விடமாட்டேங்கறாங்கண்ணே. நான் ரெண்டு தடவ வண்டியோட விழுந்த குழி."

"யாரு பாய் விடல?"

"ஜனங்கதான். ஜல்லி வண்டியையே திருப்பி அனுப்பிட்டாங்க. குழிக்குள்ள ஒரு சூஃபி ஞானி உக்காந்து பேசற மாதிரி காமிக்ஸ் வரைஞ்சு, பக்கத்துக் கம்பத்துல ஒட்டினேன். மறுநாளே ஊதுபத்தி, சர்க்கரை, எலுமிச்சம்பழம்."

"உங்க ஆளுங்களா?"

"எல்லா ஆளுங்களும்தான். ஒரு கன்னடக்கார அம்மா குழிக்குப் பச்சைத் துணியே போர்த்திட்டாங்க."

நான் இறங்க வேண்டிய குருபரப்பள்ளி வந்தது. நான் இறங்கவில்லை.

"ஞானி அப்படி என்னதான் சொல்றாரு?"

"ரோட்டுக் குழிய மூடறதும் தொழுகைதான்னு சொல்றாரு."

"அத யாருமே படிக்கலையா?"

"எங்கண்ணே படிக்கறது? எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுல்ல நிக்கறாங்க."