கடைசி பெஞ்சுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு

...பேசவே கூடாதுன்னுட்டாருக்கா இந்த டாக்டர். ஒரு வார்த்தை கூட. போன வாரம் தொண்டைக்குள்ள கண்ணாடிய விட்டுப் பாத்துட்டு, "நீங்க என்ன, மார்க்கெட்ல கூவி விக்கறவங்களா"ன்னாரு. இல்லீங்க, காலேஜ் டீச்சர்னேன். "எந்தக் காலேஜ்"னாரு. எதச் சொல்ல? என் காலேஜ் எங்க வீட்டு மாடிப்படிக்கு அடில, கதவு போட்ட ஒரு சின்னப் பொந்துல இருக்கு. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு லேப்டாப். எந்திரிச்சா தல இடிக்கும், அதனால உக்காந்தேதான் பாடம். ஆன்லைன் வாத்தியார்க்கா நான். அவரு அதெல்லாம் காதுலயே வாங்கல. எதுவா இருந்தாலும் எழுதிக் காட்டுங்க, வாயத் தொறக்காதீங்கன்னாரு. கிசுகிசுன்னு பேசறதும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். அதான் நான் கிசுகிசுக்கல பாருங்க. சும்மா மெதுவா பேசறேன், அவ்வளவுதான்.

காதுல பஞ்சு வெச்சிருக்கீங்களே, நான் சொல்றது கேக்குதா? ஒரு காது மட்டும் அடைப்பா? அது போதும்க்கா. ஒரு காதே எனக்கு அதிகம். என் வகுப்புல அறுபது பேரு. ஒருத்தருக்காவது காது இருக்கான்னு எனக்குத் தெரியாது. மூஞ்சியே தெரியாதே. எல்லாரும் கேமராவ அணைச்சுடுவாங்க. கறுப்புக் கட்டம், கட்டத்துக்குள்ள பேரோட மொத எழுத்து. அந்த எழுத்துங்களுக்குத்தான் நான் புள்ளியியல் நடத்தறேன். அதாங்க, சராசரி, விகிதம், அந்தக் கணக்கு. கட்டாயப் பாடம்ங்கறதால வர்றாங்க. இல்லேன்னா சுவத்தப் பாத்துத்தான் நடத்தணும். இப்பவும் அதத்தானே பண்றேன்னு எங்க வீட்டுக்காரர் கேப்பாரு.

கெத்தா இருக்கட்டுமேன்னு புஸ்தக அலமாரி படம் போட்ட திரை ஒண்ணு வாங்கி முதுகுக்குப் பின்னால மாட்டினேன்க்கா. மொத நாளே ஃபேன் காத்துல அலமாரி மொத்தமும் அலை அடிச்சுச்சு. நான் பாட்டுக்கு நடத்திட்டிருக்கேன், பின்னால புஸ்தகமெல்லாம் ஆடிட்டிருக்கு. ஒருத்தர் கூடச் சொல்லல. சிரிச்சாங்களான்னு கூடத் தெரியல. இப்படியே வருஷக்கணக்கா. ஒவ்வொரு பருவம் முடியறப்பவும், "அடுத்த பருவத்துக்குப் பிறகு சொல்றோம்"னு ஒரு மெயில் வரும். நெரந்தரம்ங்கற வார்த்தைய நான் அகராதிலதான் பாத்திருக்கேன்.

என்ன, கதவக் காட்டறீங்க? காத்து வருதா? சாத்த வேண்டாம்க்கா, இருக்கட்டும்.

எல்லாம் போகட்டும். அந்த அமைதி இருக்கே, அதுதான் என்னைக் கொன்னுச்சு. பாடம் முடிச்சுட்டு, "யாருக்காவது சந்தேகம் இருக்கா"ன்னு கேப்பேன். சத்தமே இருக்காது. எங்க வீட்டு ஃபிரிட்ஜ் ஓடறது கேக்கும். என்னால தாங்க முடியாதுக்கா. நம்மள யாரும் கேக்கலையோ, நெட்டு போயிருச்சோ, இல்ல நான் பேசறதே அவ்வளவு கேவலமா இருக்கோன்னு. ஒரு நாள் என்ன ஆச்சுன்னா, வாய் தவறி, "கடைசி பெஞ்சுலேர்ந்து யாரோ கேக்கறாங்க"ன்னுட்டேன். ஆன்லைன்ல ஏதுக்கா பெஞ்சு? சொன்னது சொல்லியாச்சு. கேமராவ அணைச்சேன், தொண்டையச் செருமினேன், நல்லாத் தடிச்ச ஆம்பளக் கொரல்ல, "மேடம், சராசரி மனுஷன் சராசரி மனுஷன்ங்கறீங்களே, அந்த ஆளு யாரு, எங்க குடியிருக்காரு"ன்னு நானே கேட்டேன். அப்புறம் கேமராவப் போட்டுட்டு நானே பதில் சொன்னேன்.

சிரிங்க, சிரிங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், அன்னிக்குத்தான் எனக்குப் பாடம் சரளமா வந்துச்சு. அந்தக் கடைசி பெஞ்சு தைரியமானவன்க்கா. எனக்குக் கேக்கத் தோணாததெல்லாம் கேப்பான். "இதத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன மேடம் பண்ணப் போறேன்"னு மூஞ்சிக்கு நேரா கேட்டான் ஒரு நாள். பதில் சொல்ல முடியாம நான் முழிச்சேன். என் கேள்விக்கு நானே முழிச்சேன், அந்தக் கொடுமைய எங்க போய்ச் சொல்ல.

எங்க மாமியாருக்குப் பகல்ல தூக்கம் வராது. கதவச் சாத்திக்கிட்டு நான் உள்ள இருக்கேன், உள்ளேர்ந்து ஒரு ஆம்பளக் கொரல். கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தாங்க. அப்புறம் அவங்க மகனுக்குப் போன் போட்டு, "சத்தம் போடாம வா, உன் பொண்டாட்டி ஒருத்தனோட தகராறு பண்ணிட்டிருக்கா, ஏதோ கணக்கு வழக்கு போல"ன்னிருக்காங்க. மனுஷன் ஆபீஸப் பாதில விட்டுட்டு ஓடி வந்து கதவத் தள்றாரு. நான் லேப்டாப் முன்னால மொகத்த உப்ப வெச்சுக்கிட்டு, "புரியல மேடம்"னு கட்டக் கொரல்ல சொல்லிட்டிருக்கேன். பாத்தாரு. கதவ மெதுவாச் சாத்திட்டுத் திரும்பப் போயிட்டாரு. சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காந்து, "உனக்கு ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா"ன்னு ரொம்பப் பாசமாக் கேட்டாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படி ஒரு பாசத்த நான் பாத்ததில்ல. மாமியார்கிட்ட விஷயத்தச் சொன்னேன். அவங்க இப்ப அவன் பக்கம் சேந்துட்டாங்க. "அந்தத் தம்பி தன்மையாத்தான் கேக்குது, நீதான் அதுகிட்ட சிடுசிடுங்கற"ங்கறாங்க.

இருங்கக்கா, சொல்லிடறேன், முக்கியமான எடம் இப்பத்தான் வருது. உங்க டோக்கனுக்கு இன்னும் நேரமிருக்கும். இந்த நர்ஸம்மா கூப்பிடாம விடமாட்டாங்க.

எங்க துறைத்தலைவி வகுப்போட பதிவெல்லாம் போட்டுப் பாப்பாங்க. பாத்துட்டு என்னக் கூப்பிட்டாங்க. நெரந்தரமா ஒரு எடம் வந்திருக்கு, உங்க பேரையும் வெச்சிருக்கோம்னாங்க. அடுத்த வார்த்தை என்ன சொன்னாங்க தெரியுமா? "உங்க வகுப்புல ஒரு பையன் கேள்வி கேக்கறானே, அவனாலதான் வகுப்புக்கே உயிர் வருது. அவன் கேட்டப்புறந்தான் நீங்க மனுஷங்க மாதிரிப் பேசறீங்க"ன்னாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. உழைக்கறது நான், பேரு அவனுக்கு. அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு, அவனும் நான்தானேன்னு. அப்பவும் பொறாமை போகல, அதச் சொல்லிடறேன்.

அதோட நின்னிருந்தாப் பரவால்ல. மாணவர் பிரதிநிதின்னு ஒருத்தர வகுப்பே தேர்ந்தெடுக்கணும். வேலைய உறுதி பண்ற கூட்டத்துல அந்தப் பிரதிநிதி வந்து வாத்தியாரப் பத்திப் பேசணும், அது விதி. அறுபது கட்டமும் ஓட்டுப் போட்டுச்சு. பூராவும் கடைசி பெஞ்சுக்கே. ஆபீஸ்லேர்ந்து எனக்கு மெயில் வருது, "இந்தப் பேர்ல யாரும் பதிவாகல, யாருன்னு பாத்து வியாழக்கிழமை கூட்டத்துக்கு அழைச்சிட்டு வரவும்"னு. எங்கேர்ந்துக்கா அழைச்சிட்டு வர்றது? தொண்டைக்குள்ளேர்ந்தா?

வீட்டுக்காரர நடிக்க வெச்சுப் பாத்தேன். அவருக்கு என்னை மேடம்னு கூப்பிட வாயே வரல. "இந்தாடி, உன் பாடம் நல்லாத்தான் இருக்கு"ங்கறாரு. கூட்டத்துல அப்படிப் பேசினா வேல நெரந்தரமாவே போயிடும். சரி, கூட்டமும் ஆன்லைன்தானே, கேமரா ரிப்பேர்னு சொல்லிட்டு நானே அவன் கொரல்ல பேசிடலாம்னு முடிவு பண்ணி, விடாமப் பழகினேன். காலைல, மத்தியானம், பாத்ரூம்ல. அப்படிப் பழகித்தான் தொண்டை இந்தக் கதிக்கு வந்துச்சு. டாக்டர் சொன்னாரு, "உங்க கொரலுக்கு ஒரு கேடும் இல்ல, வேற யாரோட கொரலயோ இழுத்துப் பேசி நரம்பக் கெடுத்து வெச்சிருக்கீங்க"ன்னு. மனுஷன் கண்ணாடில அவனப் பாத்துட்டாருன்னே நெனச்சேன்.

நேத்து வகுப்புல சுத்தமாக் காத்துதான் வந்துச்சு, இன்னிக்குத்தான் கொரல் இவ்வளவாவது வருது. "இன்னைக்கு என்னால பேச முடியல"ன்னு டைப் பண்ணிப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். ஃபிரிட்ஜ் ஓடுது. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. வேற வழியில்லாம உக்காந்திருக்கேன். ரொம்ப நேரம் கழிச்சு ஒரு கட்டம் மைக்கப் போட்டுச்சு. பின்னால பஸ் சத்தம், ஏதோ கொழந்தை அழுவுது. பருவம் பூரா வாயே தொறக்காத பொண்ணு. தொண்டையச் செருமிட்டு, நல்லாத் தடிச்ச கொரல்ல, "மேடம், கடைசி பெஞ்சு பேசறேன்"னா.

நான் லேப்டாப் சத்தத்தக் கூட்டி வெச்சேன்க்கா.

"ரெண்டு ஊர்லயும் சராசரி மழை ஒண்ணுதான்னா, ஒரு ஊர்ல மட்டும் ஏன் மேடம் வெள்ளம் வருது"ன்னு கேட்டா. போன மாசத்துலேர்ந்து கேக்கணும்னு இருந்தாளாம், கேக்க வெக்கமா இருந்துச்சாம். நான் டைப் பண்றதுக்குள்ள இன்னொரு கட்டம், ஒரு பையன், அவனும் அதே கரகரக் கொரல்ல, "அந்த ஊர்ல தெனம் கொஞ்சம் கொஞ்சமாப் பெய்யுது, இந்த ஊர்ல மொத்தமா ஒரே நாள்ல கொட்டுது"ங்கறான். சரியான பதில். வாரக்கணக்கா நான் தொண்ட கிழிய நடத்தினத ஒரு வரில சொல்லிட்டான். அப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு. எல்லாக் கட்டமும் கடைசி பெஞ்சு. அந்தக் கொரல்ல பேசினா யாருக்கும் வெக்கமே இல்ல. வகுப்பு முடிஞ்சப்புறமும் போக மாட்டேங்கறாங்க. நான் சும்மா உக்காந்து கேட்டுட்டிருந்தேன். சந்தோஷமா இருந்துச்சுக்கா. அவ்வளவு சந்தோஷத்த நான் அந்த மாடிப்படிக்கு அடில பட்டதே இல்ல.

ஆமா, அவங்களுக்கு மொத நாள்லேர்ந்தே தெரியுமாம். ஆன்லைன்ல யார் பேசினாலும் அவங்க கட்டத்தச் சுத்திப் பச்சைக் கோடு வரும்க்கா. கடைசி பெஞ்சு பேசறப்பல்லாம் என் கட்டத்துல கோடு வந்திருக்கு. கேமராவ அணைச்சவளுக்கு அது தோணல பாருங்க. பதிவுல பாடமும் கொரலும் மட்டுந்தான் வரும், அதனால துறைத்தலைவிக்குத் தெரியல. "வியாழக்கிழமை நாங்க வந்து பேசிக்கறோம் மேடம்"னாங்க பிள்ளைங்க. என்ன பேசுமோ எனக்குத் தெரியாதே. வெள்ளந்தியா உண்மையச் சொல்லிட்டா? அதான் ஓடி வந்தேன். ஒரே ஒரு ஊசி, வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அந்தக் கட்டக் கொரல் தாங்கினாப் போதும், அதுங்கள நம்பாம நானே பேசி முடிச்சுடுவேன்.

போறப்ப அந்தப் பொண்ணு இன்னொண்ணு சொன்னா, அதுதான்க்கா எனக்கு உள்ள உறுத்திக்கிட்டே இருக்கு. "ஏம்மா இத்தன நாளா யாருமே கேக்கல"ன்னு டைப் பண்ணினேன். "நீங்க சந்தேகம் இருக்கான்னு கேட்டுட்டு, நாங்க மைக்கப் போடற வரைக்கும் கூட நிக்க மாட்டீங்களே மேடம்"ங்கறா. எப்படி இருக்கு பாருங்க. நானா நிக்க மாட்டேன்? நானா அடுத்தவங்களப் பேச விடமாட்டேன்? நீங்களே சொல்லுங்க, இவ்வளவு நேரமாப் பக்கத்துல இருக்கீங்க, நான் என்ன அப்படியா... இருங்க, முடிச்சுடறேன், எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொல்லுவாரு, ஆனா அவரு சொல்றது வேற, அவரு...

என்ன நர்ஸம்மா? வெளக்க ஏன் அணைக்கறீங்க? என் டோக்கன் இன்னும் வரலியே.

கூப்பிட்டாச்சா? எப்போ? மூணு தடவையா? டாக்டர் கெளம்பிட்டாரா? மறுபடி எப்ப வருவாரு... வெள்ளிக்கிழமையா? நர்ஸம்மா, எனக்கு வியாழக்கிழமை... சரி. சரிங்க. உங்களச் சொல்லி என்ன இருக்கு.

ஏங்கக்கா, என்னக் கூப்பிட்டது உங்களுக்குத் தெரியுமா? தெரியுமா? உள்ள போய்ட்டு வந்தவங்களா நீங்க? பஞ்சு வெச்சதே இன்னிக்கா? அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் இங்க... என் டோக்கனக் கூப்பிட்டத எங்கிட்ட சொல்லத்தான் உக்காந்திருந்தீங்களா. கதவக் காட்டினது அதுக்குத்தானா. சொல்லிருக்கலாமே நீங்க.

ம்.

ஆமா. நான் எங்க சொல்ல விட்டேன்.

அப்ப வியாழக்கிழமை எனக்கு வாயே கெடையாது. அவனுக்கும் கெடையாது. பிள்ளைங்கதான் பேசணும். என்னமோ பேசட்டும், எனக்குப் பயமாத்தான் இருக்கு, ஆனா அதுங்க மழையப் பத்திப் பேசினதக் கேட்டேன், தப்பா ஒண்ணும்... சரி விடுங்க. அதுங்க பேசிக்கும்.

நீங்க இன்னும் ஏதோ சொல்ல வந்தீங்களே. சொல்லுங்கக்கா. அவசரமில்ல, நல்லா யோசிச்சு... ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன், எதுவா இருந்தாலும்... இல்ல. இல்ல. நீங்க சொல்லுங்க. நான் வாய மூடிட்டேன்.

...

...

...கெளம்பணுமா? சரிக்கா, போய்ட்டு வாங்க.