பெண்டிக்ஸ் ஐயாவின் விரதம்

கோப்பி நன்றாக இருக்கிறது. பாலேந்திரா அண்ணை ஆறுதலாக மொழிபெயர்க்கட்டும். பொலிசுக்கு ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பெண்டிக்ஸ் ஐயா யூதர், ஓய்வுபெற்ற வழக்கறிஞர். இந்த ஓகூஸ் நகரில் அவர் வீட்டில் நான் உதவியாளன். அவருக்கு நீரிழிவு, பார்வையும் மங்கல். எங்கள் ஆட்களுக்குக் காசு வாங்காமல் கடிதம் எழுதிக் கொடுப்பார். யாழ்ப்பாணத்தில் இருந்த என் மனைவி யசிந்தாவை இங்கே கூப்பிடும் விண்ணப்பத்தையும் போன வருடம், எண்பத்தேழு யூனில், அவரிடம்தான் கொடுத்தேன்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத யோம் கிப்பூர் விரதத்துக்கு முன், தீங்கு செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பது அவர்கள் முறை. இந்த வருட விரதத்துக்கு முதல்நாள் பின்னேரம் என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

"குருசுமுத்து, உன்ரை விண்ணப்பம் என்ரை மேசை லாச்சிக்குள்ளை கிடந்திட்டுது. கோடை வீட்டுக்குப் போய் மறந்திட்டன். செப்ரெம்பரிலைதான் அனுப்பினனான். என்னை மன்னிப்பியோ?"

அதுவரை அசைந்த தமிழரின் விண்ணப்பங்கள் செப்ரெம்பருக்குப் பிறகு அசையவே இல்லை. ஒக்ரோபரில் யசிந்தா இருந்த வீட்டில் ஷெல் விழுந்தது.

"அதுக்கென்ன ஐயா. மன்னிச்சிட்டன்."

என் கையைப் பிடித்து அழுதார். நான் யாழ்ப்பாணப் பெரியகடைச் சந்தையில், புடவைக் கடையில் வளர்ந்தவன்; மனதிலுள்ள விலையை முகத்தில் காட்டிப் பழக்கமில்லை.

சற்று நேரத்தில் அவர்களுடைய குரு தொலைபேசியில் வந்தார். நோயாளி பட்டினி கிடப்பதுதான் பாவம், கட்டாயம் சாப்பிடச் சொல் என்றார்.

"என்னவாம்?" என்று ஐயா கேட்டார்.

"நல்லபடியா விரதம் பிடிக்கட்டாம்."

விரதமென்றால் தாதி விடமாட்டாள், வாய் திறக்காதேயுங்கோ என்றும் சொல்லி வைத்தேன். காலையில் அவள் வந்து இன்சுலின் போட்டாள். ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், சாப்பாடு எங்கே என்றாள். மேசையில் பாணும் சீஸும் காட்டினேன். அவள் போனபின் அதை நான் சாப்பிட்டேன்.

மத்தியானம் அவருக்கு வேர்த்துக் கை நடுங்கியது.

"ஒரு வாய் ஜூஸ் தாவன்."

"மூண்டு மணிமட்டும் பொறுங்கோ ஐயா."

மூன்று மணிக்கு, ஐந்து என்றேன். ஐந்து மணிக்கு அவர் பேரம் பேசவில்லை. மூச்சு மட்டும் இருந்தது.

அந்த நாளில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அவர்கள் தொலைபேசியைத் தொடமாட்டார்கள். நானும் தொடவில்லை. ஜன்னலடியில் நின்று, மூன்றாவதும் தெரிந்தபின் அம்புலன்சைக் கூப்பிட்டேன். அதற்குள் ஆள் குளிர்ந்திருந்தார்.

என் சமயத்தைக்கூட நான் இவ்வளவு ஒழுங்காக அனுசரித்ததில்லை.